மூன்றாவது சர்வரின் ஐம்பது

பெங்களூரில் பஸ் டிக்கெட் விற்கும் எங்கள் கம்பெனியில் ஒன்பது வருஷமாக டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்பவள் நாகவேணி. ஐந்து சர்வர்கள் சேர்ந்து ஒன்றாக ஓடுகின்றன. ஐந்துக்கும் ஒரே செட்டிங்தான் என்று அவள் எழுதிவைத்த கோப்பு சொல்லும். போன மாதம் முன்பதிவு திணறியபோதும் அந்தக் கோப்பைத்தான் காட்டினாள். பழி, புரோகிராம் எழுதிய திப்பேஷ் தலையில் விழுந்தது. அவன் வேலையும் போனது.

இன்று தசரா கூட்டத்தில் மறுபடியும் திணறியது.

"கோப்புல எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்றாள்.

பக்கத்து மேசையில் வேலை பார்க்கும் எனக்கு எரிச்சல் வந்தது. "கோப்பை விடு தாயி. ஓடிட்டிருக்கிற சர்வரையே கேளு."

கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினாள். ஒரே நேரத்தில் ஐந்நூறு இணைப்புகளை ஏற்போம் என்றன நான்கு சர்வர்கள். மூன்றாவது சர்வர் ஐம்பது என்றது.

"எவன் கைய வெச்சான் இதுல?" என்று கத்தியபடி, அதே கட்டளையை மீண்டும் ஓட்ட மேல் அம்புக்குறியை அழுத்தினாள். பதற்றத்தில் விரலை எடுக்கவில்லை. அவள் முன்பு தட்டிய கட்டளைகள் வரிசையாகப் பின்னோக்கி ஓடி, அவள் விரலை எடுத்ததும் ஒன்றில் நின்றன. அது மூன்றாவது சர்வருக்கு ஐம்பது என்று மாற்றிய கட்டளை.

"ரெண்டு மாசம் முன்னாடி சோதனைக்குப் போட்டேன்டி" என்றாள் மெதுவாக. "பத்தே நிமிஷம்னு. திருப்பி மாத்த மறந்துட்டேன்."

மேலாளர் வந்து நின்றார். "என்னம்மா, யாரு பண்ணின வேலை?"

"பழசு சார். திப்பேஷ் இருந்தப்போ நடந்தது."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நானும் தலையாட்டினேன்.