ஆணி அடிக்காத வீடு

ஐம்பத்து மூன்று வயதில், போத்தனூரில் பாதி இடிந்த ஒரு சுவரில் ஆணித்துளை தேடி வெள்ளைச் சட்டையை அழுக்காக்கிக்கொண்டேன். எல்லாம் அந்த வழியே போகையில் வந்த நனைந்த சுண்ணாம்பு வாசனை செய்த வேலை. நான் சிறுவனாக இருந்தபோது அந்தச் சுவர் இருந்த வாடகை வீட்டில்தான் ஒன்பது வருடம் இருந்தோம். ரயில் போனால் பாத்திரமெல்லாம் அதிரும், ஆனால் சுத்தியல் சத்தம் மட்டும் கேட்கக் கூடாது என்பது வீட்டுக்கார அம்மாவின் சட்டம் என்பதால், காலண்டரும் கண்ணாடியும் தாத்தா படமும் ஜன்னல் கம்பியிலேயே தொங்கி மழைக்கு நனையும். ரயில் சத்தத்தில் ஒளிந்து நான் ஒரே ஒரு ஆணி அடித்தேன், என் பரிசுச் சான்றிதழுக்காக. அப்பா பற்பசையால் துளையை அடைத்தும் பயனில்லை. "வேற ஊடு பாத்துக்குங்க அம்மணி" என்று வீட்டுக்கார அம்மா என் அம்மாவிடம் மிக மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

துளை கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து இதை உருக்கமாகச் சொல்லி முடித்ததும் மனைவி கேட்டாள்: "ஏனுங்க, ஆணி அடிச்சாங்கன்னுதானே நம்ம மாடியில வாடகைக்குக் குடியிருந்தவங்களைப் போன மாசம் காலி பண்ணச் சொன்னீங்க?"