கழுத்தில் கத்தி வைத்துச் சொன்ன கதை

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எழுத்துப் பிழைகளும் இருக்கும், மன்னியுங்கள். ஐந்தாவதோடு நின்றவன். திருப்பதியில் சலூன் வைத்திருக்கிறேன். யாரிடமும் அதிகம் பேச மாட்டேன்.

பழைய இத்தாலிக் கொலைப் படங்கள் என்றால் எனக்கு உயிர். மொழி புரியாது, செல்போனில் கண்ணால் பார்ப்பதுதான். கொன்றவன் முகத்தைக் கடைசிவரை காட்டமாட்டார்கள். கறுப்புக் கையுறை மட்டும் தெரியும். பின்னால் தாலாட்டு மாதிரி ஒரு பாட்டு வரும். பார்த்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். சொல்ல ஆள் இல்லை.

ஒருநாள் ஷேவிங்குக்கு ஒரு வாலிபர் வந்தார். உட்கார முடியாமல் தவித்தார்.

“பொண்ணு பாக்க புத்தலப்பட்டு போய்க்கினு இருக்கேண்ணா. பயமா இருக்குது. எதுனா பேசேன்.”

எனக்குத் தெரிந்தது அந்தப் படக்கதை ஒன்றுதான். ஆரம்பித்தேன். கதவு மெல்லத் திறக்கிறது, கறுப்புக் கையில் சவரக்கத்தி மின்னுகிறது என்று சொல்லும்போது கண்ணாடியைப் பார்த்தேன். என் கத்தி அவர் தொண்டையில் இருந்தது. அவர் எச்சில்கூட விழுங்கவில்லை.

பாதிச் சவரத்தோடு ஓடிவிடுவார், பெண் வீட்டில் அவர் மானம் என்னால் போகும் என்று பதறினேன்.

“அண்ணா, மொதல்ல கத்திய கீழ வை,” என்றார். வைத்தேன். “இப்ப சொல்லு. கொன்னது யாரு?”

முழுப் படத்தையும் சொன்ன பிறகே மறு கன்னத்தைத் தொட்டேன். அதற்குள் புத்தலப்பட்டு பஸ் ஒன்று போய்விட்டது. அவர் கோபப்படவில்லை. மேலே சொல்லு என்று என்னிடம் கேட்ட முதல் மனிதர் அவர்தான்.

ஆவணி மூன்றாம் தேதி, செவ்வாய். கடைக்கு விடுமுறை, அதனால் இதை எழுத உட்கார்ந்தேன்.