பெயர் எழுதும் ஞாயிறு

பெரியவர்களுக்குப் பிரசங்கம் செய்கிறவர், பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள் என்ற தைரியத்தில் பேசலாம். சிறுவர்களுக்கு வகுப்பு எடுக்கிறவருக்கு அந்த வசதி கிடையாது, அவர்கள் விழித்திருந்து கேட்டு, கேட்டதையெல்லாம் நம்பியும்விடுகிறார்கள். ஞாயிறு வகுப்பு எடுத்துத் தொண்டை கட்டிப்போன சகோதர சகோதரிகளே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கனடாவின் மொன்றியலில் எங்கள் தமிழ்ச் சபையின் மாதப் பத்திரிகைக்குப் பல வருடங்கள் சிறுவர் பக்கம் எழுதினேன். அந்தப் பக்கத்தை வைத்தே, ஏழு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் வகுப்பும் எடுத்தேன். கீழே வருபவை ஒரே குளிர்காலத்தில் நடந்தவை. ஊரில், இலங்கையில், சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது.

சிவப்புக் கதவு

எங்கள் சபைக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. பிரெஞ்சுக்காரரின் பழைய கத்தோலிக்கக் கோவில் ஒன்றின் நிலக்கீழ் மண்டபத்தில், அவர்களுடைய பூசை முடிந்த பிறகு கூடுவோம். என் வகுப்புக்குக் கிடைத்த மூலையில் சிவப்பு வர்ணம் பூசிய இரும்புக் கதவு ஒன்று இருந்தது. கட்டடத்தைச் சூடாக்கும் கொதிகலன் அதற்குப் பின்னால்.

அன்று பாடம் நரகத்தைப் பற்றியது. நெருப்பு என்று நான் வாய் திறந்த நேரம் பார்த்துக் கொதிகலன் உறுமத் தொடங்கியது. கதவின் கீழ் இடுக்கில் செம்மஞ்சள் வெளிச்சம். வகுப்பில் அதிகம் பேசுகிற ஜோயல், வயது ஒன்பது, கதிரையோடு பின்னால் நகர்ந்தான். "அன்ரி, அது இதுக்குள்ளயா?" என்றான். அவ்வளவுதான், இரண்டு சின்னவர்கள் அழத் தொடங்கினார்கள்.

சத்தம் கேட்டுக் கோவில் காவலாளி முசியே ரெமி வந்தார். விஷயத்தை அறிந்ததும் கதவைத் திறந்து, குழாய்களைத் தட்டிக் காட்டி, பிரெஞ்சில் ஏதோ நீளமாகச் சொன்னார். என் பிரெஞ்சு பஸ் ஏறி இறங்கத்தான் போதும். எட்டு வயது ஷரோன்தான் மொழிபெயர்த்தாள். கேட்டால் ஒழியப் பேசாத பிள்ளை அவள். "அது நரகம் இல்லையாம் அன்ரி. அது இல்லாட்டி நாங்கள் எல்லாரும் விறைச்சுச் செத்துப்போவமாம்."

ஒரு கிழமைக் கீழ்ப்படிதல்

அடுத்த பாடம் கீழ்ப்படிதல். ஒரு கிழமை முழுக்க, ஏழு நாளும், பெரியவர்கள் சொல்வதை மறுபேச்சில்லாமல் செய்துவிட்டு வந்து சொல்லும்படி வீட்டுவேலை கொடுத்தேன். ஒரு பிள்ளை கோப்பை கழுவியிருந்தது. இன்னொன்று ரிமோட்டைத் தம்பியிடம் கொடுத்திருந்தது. இந்த மாதிரிப் பதில்களை நீங்களும் எத்தனை தடவை கேட்டுத் தலையாட்டியிருப்பீர்கள்!

ஜோயல் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தான். வீட்டில் பிரெஞ்சு கதைக்கக் கூடாது என்பது அவன் அம்மாவின் கட்டளை. பள்ளிக்கூடத்தில் தமிழ் கதைக்கக் கூடாது என்பது அங்குள்ள ஆசிரியையின் கட்டளை. இரண்டு பேரும் ஒன்றாக வந்த ஒரு மாலை, பெற்றோர் சந்திப்பில், இவனை நடுவில் இருத்திக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். "அப்ப நீ என்ன செய்தனி?" என்று கேட்டேன். "ரெண்டு பேருக்கும் கீழ்ப்படிஞ்சு ஒண்டும் கதைக்காமல் இருந்தனான். ரெண்டு பேரும் என்னை ஏசிப்போட்டினம்."

காரில் இருந்தவர்

ஷரோனின் தாய் ஜெசிந்தா எங்கள் சபையைச் சேர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குப் புவாண்ட்-கிளேர் என்ற புறநகரில் ஒரு களஞ்சியத்தில் வேலை. அதனால் பிள்ளையைக் கொண்டுவருவது தகப்பன் குகன். அவர் சைவர். நெற்றி நிறையத் திருநீற்றோடு வந்து, ஷரோனை வாசலில் இறக்கி, அவள் தொப்பியைச் சரிசெய்துவிட்டு, திரும்பிப்போய்க் காரில் இருப்பார். வகுப்பும் ஆராதனையும் முடிய இரண்டரை மணி நேரம் ஆகும். அதுவரை அங்கேதான்.

மூக்கு உறையும் ஒரு ஞாயிறு, காகிதக் கோப்பையில் தேநீர் எடுத்துக்கொண்டு போனேன். கார்க் கண்ணாடியில் உள்பக்கமும் பனி பிடித்திருந்தது. "உள்ளுக்கு வாங்கோவன் தம்பி. ஒருத்தரும் பிடிச்சு ஞானஸ்நானம் தர மாட்டினம்" என்றேன். சிரித்துக்கொண்டே தேநீரை வாங்கினார். "ஞாயிறு தவறாமல் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லித்தான் மனிசி சொன்னவ, ரீச்சர். உள்ளுக்குப் போகச் சொல்லி அவ சொல்லேல்லை."

ஐந்து கோடுகள்

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. தை மாதத்து முதல் ஞாயிறு, பிள்ளைகள் தங்கள் பெயர் எழுதிய தாளோடு முன்னால் போவார்கள். சபைப் போதகரான பாஸ்ரர் அதை உரத்து வாசித்து, கடவுளுக்குச் சொந்தமான பிள்ளை என்று பெரிய பதிவேட்டில் எழுதிக்கொள்வார். அதற்கு ஆயத்தமாக மார்கழிச் சிறுவர் பக்கத்தில் ஒரு திறந்த புத்தகத்தை வரைந்தேன். அதில் ஐந்து கோடுகள். கீழே, "உங்கள் வீட்டில் கடவுளுக்குச் சொந்தமானவர்களின் பெயர்களை எழுதுங்கள்" என்று போட்டேன். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். வேறு பிழை இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

தாளைக் கொடுக்கும்போதே ஜோயல் ஷரோனிடம், "உன்ர அப்பா திருநீறு பூசுறவர். அவற்ற பேர் போடேலாது. அவர் நரகத்துக்கு" என்றான். ஷரோன் என்னைப் பார்த்தாள். நான் வர்ணப் பென்சில்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே, பாடப்புத்தகத்தில் உள்ள பதிலைச் சொன்னேன்: "இயேசுவுக்குக் கீழ்ப்படியிற ஆக்களின்ர பேர்தான் அதில இருக்கும், அம்மா."

அடுத்த ஞாயிறு அவள் தாளைத் தந்தாள். முதல் கோட்டில் அம்மாவின் பெயர். இரண்டாவது கோட்டில் தன் பெயரை எழுதி, பிறகு அழித்திருந்தாள். அழித்து அழித்து அந்த இடத்தில் தாள் மறுபக்கம் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. மற்ற மூன்றும் வெறுமை. ஏன் என்று கேட்டேன். "அம்மாவோட இயேசு இருப்பார் அன்ரி. அப்பாவோட ஒருத்தரும் இல்லை. அதால நான் அப்பாவோட போறன்."

பாஸ்ரரிடம் இருந்த பதில்

அன்றே தாளைப் பாஸ்ரரிடம் கொண்டுபோனேன். அவர் அதை மேசை விளக்குக்கு நேரே பிடித்துத் தேய்ந்த இடத்தைப் பார்த்தார்.

"நரகம் எண்டு ஒண்டு இல்லை எண்டு பிள்ளைக்குச் சொல்லிவிடட்டோ?" என்று கேட்டேன். அவர் தலையை அசைத்தார். "இல்லை எண்டு சொல்ல என்னால ஏலாது, சிஸ்ரர். ஆனால் ஆர் போறது எண்டு எழுதிற வேலையைக் கடவுள் எங்களுக்குத் தரேல்லை. நீங்கள் அதைப் பிள்ளையளுக்கு வீட்டுவேலையாக் குடுத்திட்டியள்."

பிழைதிருத்தம்

அதற்கடுத்த ஞாயிறு ஷரோன் காரை விட்டு இறங்கவில்லை. நான் போய்ப் பின் ஆசனத்தில் அவளருகே ஏறிக்கொண்டேன். தாளைக் குகனிடம் கொடுத்து, நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அவர் தேய்ந்த இடத்தைப் பெருவிரலால் தடவினார். பிறகு ஷரோனிடம் சொன்னேன்: "அப்பா எங்க போவார் எண்டு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி எழுதிப்போட்டன். அது என்ர பிழை." இத்தனை வருடச் சிறுவர் பக்கத்தில் பெயர்ப்பிழைக்கும் விடைப்பிழைக்கும் திருத்தம் போட்டிருக்கிறேன். இப்படி ஒன்று போட்டதில்லை. குகன் காரைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார் என்றே நினைத்தேன். அப்படிப் போயிருந்தால், அந்தப் பிள்ளை கடவுளையும் அப்பாவையும் இரண்டு பக்கத்தில் வைத்தபடியே வளர்ந்திருக்கும்.

அவர் போகவில்லை. "அப்பா வெளியில தனிய இருந்தால் நான் போகமாட்டன்" என்று ஷரோன் சொன்னாள். அதே நேரம், வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்த முசியே ரெமி, மூன்று பேரும் காருக்குள் விறைத்துக்கொண்டு இருப்பதைப் பார்த்துக் கையசைத்துக் கூப்பிட்டார். குகன் முதல் தடவையாக உள்ளே வந்தார். மண்டபத்துக்குள் வரக் கூச்சப்பட்டார். ரெமி சிவப்புக் கதவைத் திறந்து, கொதிகலனுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டுக் கொடுத்தார். சிறிது நேரம் கழித்து இடுக்கால் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்த ஜோயலின் கண்கள் விரிந்திருந்தன. "அன்ரி! அங்கிள் உள்ளுக்கு இருந்து கோப்பி குடிக்கிறார்!"

முன்னால் போன பிள்ளை

தை முதல் ஞாயிறு ஜெசிந்தா வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து முன் வரிசையில் இருந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போனார்கள். ஷரோனின் கையிலும் தாள் இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறாள், எழுதினாளா இல்லையா என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று கற்றுக்கொண்டிருந்தேன்.

பாதி வழியில் அவள் நின்றுவிட்டாள். பாஸ்ரர் காத்திருந்தார். சபை முழுவதும் காத்திருந்தது. அவள் திரும்பி மூலையைப் பார்த்தாள். சிவப்புக் கதவு திறந்திருந்தது. நெற்றித் திருநீற்றோடு குகன், ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் மண்டபத்திலுமாக நின்றார். உரத்துச் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "போ பிள்ளை. நான் இஞ்சைதான் நிக்கிறன்." ஷரோன் முன்னால் போனாள்.

கீழ்ப்படிதலைப் பற்றிச் சிறுவர் பக்கத்தில் நான் எழுதிய பாடங்களை வாசித்தவர்கள் பலர் இருக்கலாம், ஆனால் ஒன்றைக்கூட வாசிக்காமல் அத்தனையையும் செய்து காட்டிய ஒருவரின் பெயரை எந்தக் கோட்டில் எழுதுவது என்று மட்டும் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.