ஊர்ந்து வந்த கார்

பாரிசவாதம் வந்து எழும்பிய பிறகு என் இடக் கால் என் சொல் கேட்பதை விட்டுவிட்டது. நட என்றால் இழுத்து இழுத்து நடக்கும். கிளச்சை மிதி என்றால் நின்று யோசிக்கும். கல்முனை பஜாருக்குள் பஸ்ஸுக்கும் மாட்டுக்கும் நடுவில் யோசிக்கிற காலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பழைய காரை விற்றுவிட்டு த்ரீவீலரின் பின் இருக்கையில் உட்காரப் பழகினேன். அதில் ஏறும்போதெல்லாம் ஓட்டுகிறவன் என்னைப் பார்க்காமல் என் மனைவியைப் பார்த்து, "மாமாக்கு ஏற ஏலுமா?" என்று கேட்பான். மாமா அங்கேதான் நிற்கிறேன். எனக்கு வாயும் இருக்கிறது. எரிச்சலில் இரண்டு பேரை ஏசிக் கிழித்தும் விட்டிருக்கிறேன்.

வைத்தியர்தான் சொன்னார், வலக் கால் நன்றாக இருக்கிறது, கிளச் இல்லாத கார் என்றால் ஓட்டலாம் என்று. அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆசைதான். என் கையால் ஓட்டிக்கொண்டு என் வீட்டுக் கேட்டுக்குள் மறுபடி வர வேண்டும். அதற்கு ஓட்டோ கியர் கார் வேண்டும், ஒருவர் பாவித்த பழையதுதான் கட்டுப்படியாகும்.

ஊருக்குத் தெரிந்ததும் ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். ஓட்டோ கியர் பெற்றோல் குடிக்கும் என்றார் ஒருவர். பற்றரி இறங்கினால் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது என்றார் இன்னொருவர். கியர்பொக்ஸ் போனால் காரைக் கொண்டுபோய்க் கடற்கரையில் விட்டுவிட்டு வர வேண்டியதுதான் என்றார் கார் ஓட்டவே தெரியாத மூன்றாமவர். என் தங்கையின் கணவர் டயர் கடை வைத்திருக்கிறார். அவர் மட்டும், "மச்சான், நல்லதாப் பாத்து எடுத்தா ஒண்டும் ஆகா. நான் வாறன்" என்றார்.

அவர்தான் அந்தக் காரைக் கண்டுபிடித்தார். பாண்டிருப்புப் பக்கம் போகும் வழியில், ஒரு குறுக்கு ரோட்டின் கடைசி வீடு. காரை ஓட்டிய வீட்டுக்காரர் மௌத்தாகி, அடக்கி இரண்டு மாதம். அவருடைய மனைவி இத்தாவில் இருந்தார். அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் உள்ளேயே இருக்கிற காலம். எங்களோடு கதைத்தது அவர்களின் மருமகன். கார் மருமகன் பேரில்தான் பதிவு. கட்டாருக்குத் திரும்பப் போகிறார், வீட்டில் ஓட்டுவதற்கு வேறு ஆளில்லை, உப்புக் காற்றில் நின்றால் துருப்பிடித்துவிடும் என்றார். நியாயமான கதைதான். உள்கதவு சாத்தியிருந்தது. அதற்குப் பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

மச்சான் குனிந்து அடித்தகட்டைப் பார்த்தார், துரு இல்லை. கியர் எண்ணெய்க் கம்பியை உருவி மூக்கில் வைத்து மணந்தார். கருகின மணம் இல்லை என்று தலையை ஆட்டினார். "இனி நீங்க ஏறுங்க."

ஏறினேன். இருக்கை இன்னொருவரின் உயரத்துக்கு இருந்தது. கண்ணாடியும் அப்படித்தான். கியரைப் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். ஒன்றையும் மிதிக்காமலே கார் நகர்ந்தது. பின்னால் யாரோ நின்று மெதுவாகத் தள்ளுவது போலிருந்தது.

"தள்ளுற ஆரு?" என்று கேட்டேன்.

மச்சான் சிரித்தார். "அது அப்பிடித்தான் மச்சான். கால எடுத்தாத் தானா ஊரும்."

பிரதான வீதியில் ஏறியதும் வேறொரு கூத்து. கூப்பிட்டால் வராத இடக் கால் இப்போது தானாகவே எழும்பி, அங்கே இல்லாத கிளச்சைத் தேடியது. ஒருமுறை பிரேக்கிலேயே போய் விழுந்தது. பின்னால் ஏறியிருந்த மருமகனின் நெற்றி முன் இருக்கையில் முட்டியது. அதன் பிறகு அந்தக் காலை இருக்கைக்கடியில் மடித்து வைத்துவிட்டேன். கொஞ்சத் தூரம் போனதும் தோள் இறங்கியது. ஓட்டுகிறேன். அல்லாஹ்வே, நான் கார் ஓட்டுகிறேன். இதை வாங்குவது என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன்.

திரும்பி வரும்போது பொழுதுபட்டு, மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். குறுக்கு ரோட்டு முனையில் பள்ளிவாசல். இரண்டு பேரும் இறங்கினார்கள். எனக்குக் கை கால் கழுவி வுழூச் செய்யவே நேரம் பிடிக்கும், ஜமாஅத் தொழுகைக்கு எட்ட மாட்டேன். வீட்டில் கதிரையில் இருந்து தொழுதுகொள்ளலாம் என்றேன். "அப்ப காரக் கொண்டுபோய்க் கேட்டடியில நிப்பாட்டுங்க, நாங்க நடந்து வாறம்" என்றார் மருமகன்.

ரோட்டில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பயம். காலை எடுத்துவிட்டு, பிரேக்கின் மேல் தயாராக வைத்துக்கொண்டு, காரை ஊரவிட்டேன். பிள்ளைகள் திரும்பிக்கூடப் பார்க்காமல் பழகியவர்கள் மாதிரி ஒதுங்கினார்கள். லைட்டைப் போட்டேன். ஹோன் அடிக்கவில்லை. அடிப்பதற்கு முன்பே கேட் திறந்தது.

கேட்டைத் திறந்தது இத்தாவில் இருந்த அந்த வீட்டுப் பெண். கையில் ஈரம், தலையில் முக்காடு இல்லை. லைட் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொன்னார்:

"என்ன இவ்வளவு சுணக்கம்? மஃரிபுக்குப் பாங்கும் சொல்லியாச்சி."

கார் இன்னும் கொஞ்சம் ஊர்ந்து, அவருக்குப் பக்கத்தில் நின்றது. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பக்கத்து இருக்கையைப் பார்த்தார். பிறகு குனிந்து பின் இருக்கையையும் பார்த்தார். அதன் பிறகுதான் கை தலைக்குப் போனது. உள்ளே போய்விட்டார். கேட் திறந்தபடி கிடந்தது. நான் பிரேக்கை அமத்திக்கொண்டு அப்படியே இருந்தேன். கார் அடியில் மெல்ல நடுங்கிக்கொண்டு, உள்ளே போகத்தான் பார்த்தது.

தொழுதுவிட்டு வந்தவர்களிடம் நடந்ததைச் சொல்லவில்லை. இத்தாவில் இருப்பவர் வெளியே வந்தார் என்று என் வாயால் எப்படிச் சொல்வது? கார் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். வழி நெடுக மச்சான் ஏசிக்கொண்டே வந்தார். "கால்தான் வாதமெண்டு நினைச்சன், மூளையுமா?" என்றும் கேட்டார்.

மனைவியிடம் மட்டும் சொன்னேன். அடுத்த நாள் சீனியும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனாள். திரும்பி வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"மௌத்தானவரு ரோட்டுக்குள்ள திரும்பினாக் கால எடுத்துருவாராம், புள்ளைகள் விளையாடுற எண்டு. கார் ஊந்து வாற சத்தம் குசினிக்குள்ள கேக்குமாம். கேட்டதும் கைவேலையப் போட்டுட்டுப் போய்க் கேட்டத் திறப்பாவாம். அண்டைக்கும் அப்பிடித்தான் போயிட்டாவாம்."

"ஏசினாவா?"

"எங்க ஏச. 'அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு ஒண்டும் நடக்கல்ல ராத்தா' எண்டு சொன்னா." மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "கார நீங்களே எடுக்கட்டுமாம். அந்த ரோட்டால வந்தா மட்டும் சுருக்காப் போகட்டுமாம். ஊந்து வர வேணாமாம்."

எடுத்தேன். அந்த ரோட்டுக்குள் நான் இன்றுவரை போனதில்லை. பிள்ளைகள் விளையாடுகிற ரோட்டில் என்னால் சுருக்காகப் போக முடியாது. ஆனாலும் சில மாலைகளில், எங்கே போனாலும், அந்தக் கேள்வி காருக்குள் கேட்கும். என்ன இவ்வளவு சுணக்கம். பின் இருக்கையைத் திரும்பிப் பார்ப்பேன்.

எங்கள் ரோட்டிலும் பிள்ளைகள் உண்டு. நானும் காலை எடுத்து ஊரத்தான் விடுகிறேன். ஆரம்பத்தில் ஹோன் அடித்தால்தான் மனைவி வருவாள். இப்போது அடிக்கத் தேவையில்லை, கார் வளைவில் திரும்பும்போதே கேட் திறந்துவிடுகிறது. முதலில் அது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு பயம் பிடித்துக்கொண்டது.

போன மாதம் மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். "நான் மௌத்தானா இந்தக் கார இஞ்ச ஆருக்கும் வித்துராத மகன். கண்டிக்கோ கொழும்புக்கோ குடு. சத்தம் கேக்காத ஊருக்கு."

"என்ன கதை வாப்பா இது" என்று அவன் எழும்பிப் போய்விட்டான்.

மனைவி பக்கத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"எந்த ஊருக்குக் குடுத்தாலும் நான் கேட்டத் திறக்கப் போவன்தான்" என்றாள்.

அன்று மாலை, பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, ரோட்டு முனையிலிருந்தே ஹோனை அடித்துக்கொண்டு, காலை அழுத்தி, வேகமாக வந்தேன். கேட் ஏற்கனவே திறந்திருந்தது.