நெஞ்சில் தட்டிய பலகை

நேற்று வாசித்த ஆப்பிரிக்க நாவலில், தாய்மொழியில் பேசிய பிள்ளையின் கழுத்தில் வெள்ளைக்காரப் பாதிரியார் ஒரு பலகையை மாட்டுகிறார். அந்த வரியிலேயே தேங்காய்நார்க் கயிற்றின் வியர்வை வாடை எனக்கு வந்துவிட்டது. ஆரல்வாய்மொழியில் இப்போது காற்றாலை சுழலும் இடத்தில்தான் எங்கள் ஆங்கிலப் பள்ளி இருந்தது. வெள்ளைக்காரர்கள் போய் வெகுகாலமாகியும், அங்கே தமிழ் பேசியவள் கழுத்தில் பலகை தொங்கும்; இன்னொருத்தி தமிழ் பேசி அகப்படும்வரை ஆடிக்காற்றில் அது நெஞ்சில் தட்டிக்கொண்டே இருக்கும். அன்று பலகையோடு ஓடிய மேரி, தினமும் என் சோற்றில் பாதியைத் தின்கிற மேரி, தடுக்கி விழுந்தாள். ஓடிப்போய்த் தூக்கினேன்.

"ரொம்ப வலிக்கா மக்கா?"

அவள் மெதுவாக எழுந்து, பலகையைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினாள். முழங்காலில் ஒரு கீறல்கூட இல்லை.