கோழி அடிக்காத ஞாயிற்றுக்கிழமை

எங்கள் பக்கத்தில் ஐயா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா, மாமா, அக்கா, நான். ராயகிரிப் பக்கத்தில் மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அத்தை, தாய்மாமன். அவர்களைக் கூட்டிவந்த வாடகைக் கார் டிரைவர் ஒருவர். தோட்டத்துக்குச் சொந்தக்காரர்களான அண்ணாச்சியும் மதினியும். அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் இவ்வளவுதான்.

வராதவர்கள் இரண்டு பேர். மாப்பிள்ளையின் அம்மா, மகளின் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் இருந்தார். எங்கள் அம்மா வர மறுத்துவிட்டாள். "கல்யாணப் பேச்ச சோத்துக்கடையில வச்சா பேசுவாக? நான் வரல. நீங்களே போய்த் தின்னுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, ஊற வைத்திருந்த துணியைத் துவைக்க உட்கார்ந்துவிட்டாள். இரண்டு அம்மாக்களில் ஒருத்தியாவது அங்கே இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. சங்கரன்கோவிலில் பஞ்சுப் பேட்டைக்குப் பின்னால், ஐந்து வீடுகளுக்கு ஒரே குழாய் உள்ள வரிசையில் எங்கள் வீடு. ஒரே அறை. ஐயா பேட்டையில் மூட்டை தூக்கினார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போன முதல் ஆள் நான். நான் படிக்க வேண்டும் என்பதற்காக அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்று பருத்தி எடுக்கப் போனாள். நான் பட்டம் வாங்கி வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது. அதற்கு முன்னால் வந்த இடங்கள் எல்லாம் நகைப் பேச்சிலேயே நின்றுபோயிருந்தன.

ராயகிரி மாப்பிள்ளை கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். கோயிலில் வைத்துப் பெண்ணைப் பார்த்துவிட்டுப் போய், பிடித்திருக்கிறது என்று ஆள் விட்டிருந்தார்கள். அன்று ராத்திரி அக்கா என்னிடம், "சங்கத்துல அவுகளுக்கு என்ன வேல?" என்று கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, மறந்துபோனவளைப் போல அதையே மறுபடியும் கேட்டாள். அதற்கு முன்னால் எந்த மாப்பிள்ளையைப் பற்றியும் அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மிச்சம் இருந்தது நகைப் பேச்சு. அவர்கள் பதினைந்து பவுன் கேட்டார்கள். எங்களிடம் எட்டு இருந்தது. நேரில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்றார்கள். எங்கே உட்காருவது என்பதுதான் கேள்வி. அவர்கள் நஞ்சை வைத்திருக்கிற குடும்பம். எங்கள் ஒற்றை அறையில் அவர்களை எப்படி உட்கார வைப்பது?

மாமாதான் வழி சொன்னார். கரிவலம்வந்தநல்லூர் ரோட்டில் ஒரு தோட்டம். பம்புசெட்டு, பெரிய தொட்டி, சுற்றித் தென்னை. பருத்தி ஏற்றவந்த லாரிக்காரர்களுக்குப் பசிக்கிறதே என்று ஒருநாள் கோழி அடித்துப் போட்டதில் தொடங்கியது அந்தச் சாப்பாட்டுக்கடை. போர்டு கிடையாது, பெஞ்சு கிடையாது. சனிக்கிழமை போய்ச் சொல்லிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டு பம்புசெட்டில் குளித்துவிட்டு வேப்பமரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்தால் இலை வந்துவிடும். ஆபீஸ்காரர்களும் வாத்தியார்களும் சைக்கிளில் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். என் முதல் சம்பளத்தில் நானும் போயிருக்கிறேன். அங்கே ஒரு வழக்கம் உண்டு. திரிகிற கோழியில் ஒன்றைக் கை காட்டினால் அண்ணாச்சி அதற்கு ஒரு விலை சொல்வார். அந்த விலை மட்டும்தான் காசு. சோறு, ரசம், மோர் எதற்கும் கணக்கு இல்லை. கேட்டால், "கோழி விக்கோம், வாங்கிக்கிடுதிய. சோறு தோட்டத்துல வெளஞ்சது. அத எங்கன போய் விக்கச் சொல்லுதீரு?" என்பார்.

ஐயாவுக்கு யோசனை பிடிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பேச்சு முடிவதற்கு முன் பெண் வீட்டில் யாரும் கை நனைக்க மாட்டார்கள். காப்பி குடிக்கலாம். சோற்றில் கை வைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி என்றாகிவிடும்.

"அதுக்குத்தான் மச்சான் தோட்டத்துக்குப் போவோம்ங்கேன்" என்றார் மாமா. "அது என்ன நம்ம வீடா? கடை. அவுக கோழிக்கு அவுக துட்டு, நம்ம கோழிக்கு நம்ம துட்டு. யாரும் யாரு வீட்டுலயும் கை நனைக்கல. வயிறு நெறஞ்சா மனுசனுக்குக் கோவம் வராது. பதினஞ்சுங்கவன் பத்துக்கு எறங்குவான்."

"பத்துக்கு எறங்கினாலும் மிச்ச ரெண்டுக்கு எங்க போக?"

"மொதல்ல எறங்கட்டும் வே!"

மாப்பிள்ளையின் அப்பா, ராயகிரிப் பெரியவரும் சம்மதித்தார். அந்தத் தோட்டத்துக் கோழியைப் பற்றி அவரும் கேள்விப்பட்டிருந்தார் போலிருக்கிறது.

சனிக்கிழமை மாமா சைக்கிளில் போய் இரண்டு சேவல் சொன்னார். கிளம்பும்போது, சைக்கிளில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "மதினி, கொஞ்சம் பாத்துச் செய்யிங்க. எங்க அக்கா மக கல்யாண விசயமா மாப்ள வீட்டுக்காரக வாராக" என்று சேர்த்துச் சொல்லியிருக்கிறார். அந்தக் கடைசி வார்த்தையில் இரண்டு சேவலும் பிழைத்துக்கொண்டன. இது எங்களுக்கு மறுநாள்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி வாக்கில் கார் வந்து நின்றது. பெரியவர் நல்ல உயரம், சிரித்த முகம். இறங்கியதுமே மூக்கை உறிஞ்சி, "என்ன வே, கோழி வாசத்தையே காணோம்? இன்னும் மரத்த விட்டு எறங்கலியோ?" என்றார். எல்லோரும் சிரித்தோம். டிரைவர் எங்களைவிடச் சத்தமாகச் சிரித்தார். கிணறு எத்தனை ஆழம், மோட்டார் எத்தனை குதிரைச் சக்தி என்று ஐயாவிடம் பெரியவர் கேட்டுக்கொண்டே நடந்தார். ஐயாவுக்கு ஒன்றும் தெரியாது. தன் சொந்தக் கிணற்றைப் போல எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

மாப்பிள்ளை தொட்டிப் பக்கம் வந்து முகம் கழுவினார். அக்கா அங்கே குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் கையைக் குவித்துக் குடித்துவிட்டு, "தண்ணி தித்திக்கி" என்றார், பொதுவாக. அக்கா தலையை நிமிர்த்தாமல், "மோட்டார் ஓடுதப்ப குடிச்சா அப்பிடித்தான். நின்ன பொறவு குடிச்சா உப்புக் கரிக்கும்" என்றாள். அவர் சிரித்துவிட்டார். அவளும் குடத்தைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடியே போனாள்.

பிறகு மாப்பிள்ளை என்னைத் தென்னை மரத்தடிக்குக் கூப்பிட்டார். "தம்பி, பயப்படாதீக. எங்க ஐயா பதினஞ்சும்பாரு, பன்னெண்டும்பாரு. சத்தம் போடுவாரு. சாயங்காலத்துக்குள்ள எட்டுக்கு வந்துருவாரு. அவர மடக்குதோம்னு மட்டும் தெரியப்பிடாது. தெரிஞ்சா மொரண்டு பிடிச்சிருவாரு."

எங்களிடம் இருப்பது எட்டுதான் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. அவரே விசாரித்திருக்க வேண்டும். எனக்கு அந்த இடத்திலேயே அவரை அத்தான் என்று கூப்பிட்டுவிடலாம் போல இருந்தது.

இலை போட்டார்கள். டிரைவரையும் கூப்பிட்டு வரிசையில் உட்கார வைத்தார் அண்ணாச்சி. உப்பு, ஊறுகாய், அவரைக்காய்ப் பொரியல், அவியல், வடை, அப்பளம். சோறு விழுந்தது. சோற்றின் மேல் பருப்பும் நெய்யும் விழுந்தன. நான் மாமாவைப் பார்த்தேன். மாமா மதினியைப் பார்த்தார். மதினி யாரையும் பார்க்கவில்லை. புதுச்சேலை உடுத்தி, தலையில் பூ வைத்து, வேர்க்க வேர்க்கச் சாம்பார் வாளியோடு வந்துகொண்டிருந்தாள்.

"கோழி பின்னால வருதாக்கும்" என்று பெரியவர் பருப்பைப் பிசைந்தார்.

"ரசத்துக்குப் பொறவு வரும்யா" என்றார் டிரைவர், தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொள்வதைப் போல.

சாம்பார் வந்தது, ரசம் வந்தது. கோழி வரவில்லை. ஒரு சேவல் மட்டும் மிளகாய்ப் பாத்தியில் நின்று கூவியது. பெரியவர் அதைப் பார்த்து, "ஏலே, ஒன்னத்தான் தேடுதோம்" என்றார். அந்த நேரம் வரையிலும் அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார். அதை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை.

மதினி பாயசம் கொண்டுவந்தாள். பெரியவரின் இலையில் ஊற்றிவிட்டு, "மொதல்ல தித்திப்ப வச்சிருக்கணும், பாயசம் எறங்க நேரமாயிட்டு. மனசுல வச்சிக்கிடாதீக. நல்ல காரியத்துல கோழி அடிக்க எனக்குக் கை வரல. பேசி முடிச்சாச்சின்னு கேட்டதும் ரொம்ப சந்தோசம். தங்கமான பிள்ளை" என்றாள்.

பெரியவரின் கை இலையிலேயே நின்றது.

"யாரு முடிச்சா?"

மதினிக்குப் புரியவில்லை. மாமா பதறிப்போய்ப் பெரியவரிடம், "அவுக வெவரம் தெரியாமச் சொல்லுதாக அண்ணாச்சி, நீங்க சாப்பிடுங்க" என்றார்.

"யாரு முடிச்சான்னு கேக்கேன். பவுனு பேசல, தேதி பேசல. பருப்பு, வடை, பாயசம். இது கடைச் சாப்பாடா? நிச்சயச் சாப்பாடு. கோழிக்குன்னு கூட்டியாந்து, கை நனைக்க வச்சிட்டு, பொறவு பவுனப் பத்தி வாயத் தொறக்க முடியாமப் பண்ணுதீக. அப்பிடித்தான?"

"சத்தியமா இல்ல" என்றார் ஐயா. அவர் எழுந்து நின்றிருந்தார். கையில் சோறு. "எங்களுக்கும் தெரியாது."

"ஒமக்குத் தெரியாம ஒம்ம மவளுக்குப் பாயசம் கிண்டுவாகளா?"

மாப்பிள்ளை, "ஐயா, விடுங்க. அவுக நல்லதுக்குத்தான் செஞ்சிருக்காக" என்றார். அத்தையும், "எண்ணே, புள்ள பாக்கா, மெல்லப் பேசு" என்றாள். பெரியவர் தன் மகனைத் திரும்பிப் பார்த்தார். "ஒனக்கும் தெரியும் போலுக்கே" என்றார். மாப்பிள்ளையால் அதற்கு இல்லை என்று சொல்ல முடியவில்லை. எட்டுப் பவுன் என்று அவர் என்னிடம் சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. நானும் வாயைத் திறக்கவில்லை. எது சொன்னாலும் அவரைக் காட்டிக்கொடுத்ததாக ஆகியிருக்கும்.

அக்கா மோட்டார் அறைக்குப் பக்கத்தில் மோர்ச்சட்டியோடு நின்றாள். உள்ளே போகவும் இல்லை, முன்னால் வரவும் இல்லை.

அம்மா வந்திருந்தால் வந்ததும் அடுப்படிக்குத்தான் போயிருப்பாள். எந்தப் பெண்பிள்ளையும் அப்படித்தான். மூடியைத் திறந்து பார்த்திருப்பாள், பாயசத்தைத் தள்ளி வைத்திருப்பாள், மதினியிடம் இரண்டு வார்த்தை சொல்லியிருப்பாள். மாப்பிள்ளையின் அம்மா வந்திருந்தாலும் அதுவே நடந்திருக்கும். நாங்கள் ஆம்பிளைகள் கிணற்றின் ஆழத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். மதினியைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஊரான் வீட்டுப் பெண்ணுக்காகத் தன் வீட்டு வெல்லத்தையும் நெய்யையும் போட்டவள் அவள். அதற்கப்புறம் அக்காவுக்குப் பனவடலிசத்திரத்தில் இடம் அமைந்தது. நல்ல மனிதர், ஆடு வைத்திருக்கிறார். அக்கா அங்கே ஒரு குறையும் சொன்னதில்லை. ஆனால் யாரைப் பற்றியும் இரண்டு தரம் கேட்கிற அக்காவை நான் மறுபடி பார்க்கவில்லை.

அன்றைக்குப் பெரியவர் எழுந்து தொட்டியில் கை கழுவினார். அவர் பக்கத்து ஆட்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். மாப்பிள்ளை கடைசியாக எழுந்தார். பெரியவர் மடியிலிருந்து பர்ஸை எடுத்து, "சாப்பாட்டுக்கு எவ்வளவு?" என்று அண்ணாச்சியிடம் கேட்டார்.

"துட்டெல்லாம் வேண்டாம். கோழி அடிக்கல."

"கோழி அடிக்காட்டா சோத்துக்கு வெல கெடையாதா?"

"சோத்துக்கு நாங்க வெல வச்சதில்ல."

"வச்சித்தான் ஆவணும். வாங்கலைன்னா நான் பொண்ணு வீட்டுல கை நனைச்சவனாயிருவேன். துட்டு குடுத்துட்டேன்னா, கடையில சாப்பிட்டுட்டுப் போறேன். அவ்வளவுதான்."

அப்போதுதான் ஐயாவுக்கு முழுதாக விளங்கியது. அவர் அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்கிராதீக" என்றார். மூட்டை தூக்கிக் காய்த்துப்போன கை அது. "அண்ணாச்சி, வாங்கிராதீக."

அண்ணாச்சி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "எனக்கு வெல சொல்லத் தெரியாது" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பெரியவர் டிரைவர் பக்கம் திரும்பினார்.

"ஏலே, பஸ் ஸ்டாண்டு ஓட்டல்ல அளவில்லாச் சாப்பாடு என்ன வெல?"

டிரைவர் ஐயாவைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். "மூணு ரூவா" என்றார் மெதுவாக. பெரியவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்ததால், "பாயசம் உண்டும்னா மூணரை" என்றும் சொல்லிவிட்டார்.

பெரியவர் நோட்டுகளை எண்ணிப் பாயின் ஓரத்தில் வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க மேலே சில்லறையை வைத்தார். மாப்பிள்ளை அதற்குள் காருக்குப் போய்விட்டிருந்தார். டிரைவர் இலையையும் சேர்த்து ஐந்து இலை. பதினேழு ரூபாய் ஐம்பது பைசா.