அறுபதில் நின்ற முள்

யோகராணி கார் ஓடுகிற அழகைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அறுபதில் போகலாம் என்று பலகை சொன்னால் அவள் ஐம்பத்தைந்தில் போவாள். பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடிப்பான். முந்திப் போகும்போது கண்ணாடியை இறக்கி ஏதாவது கத்திவிட்டும் போவான். இவள் இரண்டு கையாலும் ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி, "போகட்டும் அக்கா, அவருக்கு என்ன அவசரமோ" என்பாள். வேலைக்குப் பிந்திப் போய் சூப்பர்வைசரின் முகத்தில் விழிக்கப் போவது நானும்தான் என்பது அவளுக்கு ஞாபகம் வராது.

ஓசியில் போகிறவளுக்கு இவ்வளவு வாய் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயம்தான். இந்த நாட்டில் பன்னிரண்டு வருஷம் இருந்தும் எனக்குக் கார் ஓடத் தெரியாது. சிட்னியில் பென்டில் ஹில் பக்கம் நானும் யோகராணியும் ஒரே மாடிக் கட்டடத்தில் அடுத்தடுத்த யூனிட்டில் இருந்தோம். இரண்டு பேருக்கும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை. அவள் சமைக்கிற குசினியில், நான் துணி தோய்க்கிற இடத்தில். காலை ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். அந்த நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. அவளுடைய பழைய வெள்ளைக் கொரோலாதான் எங்கள் இருவருக்கும் சோறு போட்டது.

வன்னியில் இருந்தவரை அவள் ஓடியது சைக்கிள் மட்டும்தான். கதிர்காமநாதன் அண்ணையும் அவளும் இரண்டாயிரத்துப் பத்தில் படகில் வந்தவர்கள். தீவில் அகதி முகாமில் அடைபட்டுக் கிடந்து, விசா கிடைத்து, சிட்னிக்கு வந்து மூச்சு விடுவதற்குள் அண்ணையின் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டயலிசிஸ். மத்தியானம் கொண்டுபோய் விட்டால் பின்னேரம் போய் எடுத்து வர வேண்டும். முடிந்து வெளியே வரும்போது மனுஷன் பிழிந்து போட்ட துணி மாதிரி இருப்பார். பிள்ளைகள் இல்லை. வேறு யார் ஓடுவது? நாற்பத்திரண்டு வயதில் கார் பழகி, மூன்றாவது தடவை ரெஸ்ற் எடுத்து, யோகராணி லைசென்ஸ் வாங்கினாள். ரெஸ்ற் எடுத்த வெள்ளைக்காரி அவளுடைய கவனத்தைப் புகழ்ந்தாளாம். அதைக் கொஞ்ச நாள் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அவள் தன்னைப் பற்றி வாய் திறந்து பெருமை பேசி நான் கேட்டது அந்த ஒரு விஷயத்தில்தான்.

புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்கள் முதல் வருஷம் காரில் சிவப்பு 'பி' பலகை மாட்டிக்கொண்டு ஓட வேண்டும். எங்கள் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் அந்தச் சிவப்புப் பலகைக்காரர்களுக்கு மன்னிப்பே கிடையாது. மற்றவன் கொஞ்சம் வேகமாகப் போனால் தண்டத்தைக் கட்டிவிட்டு மறந்துவிடலாம். சிவப்புக்காரர் ஒருமுறை பிடிபட்டாலே லைசென்ஸ் மூன்று மாதத்துக்குப் போய்விடும்.

அவளுடைய ஒரு நாளைச் சொல்கிறேன். விடிய முன் எழும்பி அண்ணைக்கு உப்பில்லாமல் ஒரு சமையல். பிறகு முதியோர் இல்லத்துக் குசினி. மத்தியானம் ஓடி வந்து அவரை ஏற்றி ஆஸ்பத்திரியில் இறக்குவாள். அங்கிருந்து பிள்ளைகள் பராமரிப்பு நிலையம் ஒன்றைக் கழுவித் துடைக்கப் போவாள். பின்னேரம் திரும்பவும் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு வந்தால் உடுப்பு, பாத்திரம், அவருடைய மருந்துக் குளிசைகள். "எப்ப படுக்கிறாய்?" என்று ஒருநாள் கேட்டேன். "கணக்குப் பார்க்கிறேல்லை அக்கா. பார்த்தால் பயம் வரும்" என்றாள்.

இப்படி இருக்கும்போதுதான் இரண்டாயிரத்துப் பன்னிரண்டு செப்டெம்பரில் அந்தத் தபால் வந்தது. அறுபதில் போக வேண்டிய ரோட்டில் அறுபத்தெட்டில் போனதாக ரோட்டோரக் கமரா படம் பிடித்திருந்தது. ஒரு புதன்கிழமை பின்னேரம், வேலை முடிந்து அண்ணையை எடுக்கத் தனியாகப் போன நேரம்.

அவள் அழவில்லை. தபாலைப் பிடித்தபடி என் வீட்டு வாசலில் நின்று சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். "சத்தியமா நான் அறுபதைத் தாண்டேல்லை அக்கா. முள்ளு அறுபதிலதான் நிண்டது."

அவள் சொன்னதை நான் அப்படியே நம்பினேன். இவளாவது வேகமாகப் போவதாவது! கமராவுக்குப் பைத்தியம் என்றேன். ஆனால் கமராவோடு யார் வழக்காடுவது? லைசென்ஸ் போனால் குசினி வேலை போகும், துடைக்கிற வேலை போகும், அண்ணையின் பாடு அதைவிட மோசம். என் வேலையும் ஆட்டம் காணும் என்பதை நான் வாயால் சொல்லவில்லை. நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

மேல் மாடியில் சேஷாத்ரி என்று ஒரு சென்னைப் பொடியன் இருந்தான். கம்பியூட்டர் வேலை. எதையும் விளக்கிச் சொல்லாவிட்டால் அவனுக்குச் சாப்பாடு செரிக்காது, ஆனால் மனசு தங்கம். விஷயத்தைக் கேட்டவன் நேரே கீழே போய்க் காரைச் சுற்றி வந்தான். குந்தியிருந்து ரயரில் உள்ள எழுத்துகளை வாசித்தான்.

"அக்கா, இது இந்த வண்டிக்கான டயர் இல்லையே. எங்க வாங்கினீங்க?"

யோகராணி புருஷனைப் பார்த்தாள். ரயர் நாலும் தேய்ந்துபோக, பழைய கார் உடைக்கிற இடத்தில் ஒரு சிநேகிதரைப் பிடித்து மலிவாக எடுத்துப் போட்டது கதிரண்ணைதான்.

"உயரம் கொஞ்சம் ஜாஸ்தி" என்றான் சேஷாத்ரி. "பெரிய சக்கரம் ஒரு சுத்துக்குக் கூட தூரம் போகும். மீட்டருக்கு அது தெரியாது, அது சுத்தை மட்டும்தான் எண்ணும். முள்ளு அறுபதுன்னு காட்டும்போது வண்டி அதுக்கு மேல போயிட்டிருக்கும்."

எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. கமராவும் பொய் சொல்லவில்லை, யோகராணியும் பொய் சொல்லவில்லை. பாழாய்ப்போன ரயர்! சட்ட உதவி நிலையத்தில் விசாரித்தோம். கோர்ட்டில் அப்பீல் செய்யலாம், மீற்றர் பிழை என்பதற்கு ஆதாரம் இருந்தால் நீதவான் இரக்கம் காட்டக்கூடும் என்றார்கள். யோகராணியின் முகத்தில் கொஞ்சம் இரத்தம் ஓடியது.

கதிரண்ணையின் முகத்தில்தான் ஈயாடவில்லை. "நாலு காசு மிச்சம் பிடிக்கப்போய் உனக்கு இப்பிடிச் செய்துபோட்டன்" என்று அன்றிலிருந்து புலம்பத் தொடங்கினார். சாப்பிட இருந்தாலும் அதே கதை, காரில் ஏறினாலும் அதே கதை. "விடுங்கோ அண்ணை, இந்த ரயர்தான் இப்ப அவளைக் காப்பாத்தப் போகுது" என்றேன். அவர் கேட்கிற ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் நாலு பேரும் நகரத்தை விட்டு வெளியே றிச்மண்ட் பக்கம் போனோம். அங்கே வயல் நடுவே நேராக ஓடுகிற ரோட், சனமில்லை, எண்பது வரை போகலாம். யோகராணி ஓட, சேஷாத்ரி பக்கத்தில் தன்னுடைய ஜிபிஎஸ்ஸைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு இருந்தான். அது வானத்தில் உள்ள சற்றலைற்றை வைத்து உண்மையான வேகத்தைக் காட்டுமாம். ரயருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"சமதரையா இருக்கற இடத்துல பார்ப்போம். அக்கா, முள்ள சரியா அறுபதுல வெச்சு அப்படியே கொஞ்ச நேரம் ஓட்டுங்க. நான் சொல்ற வரைக்கும் கால அசைக்காதீங்க."

பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி அவள் நிமிர்ந்து இருந்தாள். நான் பின் சீற்றிலிருந்து எட்டி முள்ளைப் பார்த்தேன். அறுபதில் ஆணி அடித்தது போல நின்றது. சேஷாத்ரி ஜிபிஎஸ்ஸைப் பார்த்தான்.

"என்ன தம்பி காட்டுது?" என்று அண்ணை கேட்டார்.

"திரும்பி எதிர்ப்பக்கமா ஒருதரம் போயிடுவோம்."

போனோம். எழுபதிலும் வைத்துப் பார்த்தோம். பிறகு அவன் காரை ஓரம் கட்டச் சொன்னான்.

"அக்கா, முள்ளு அறுபதுல இருக்கும்போது நிஜத்துல வண்டி ஐம்பத்தேழுலதான் போகுது. எழுபதுன்னா அறுபத்தேழு. கம்பெனியிலயே கொஞ்சம் அதிகமா காட்டற மாதிரிதான் வெச்சிருப்பாங்க. டயர் மாத்தினதுல அந்த வித்தியாசம் குறைஞ்சிருக்கு, ஆனா முழுசா போகல. இன்னும் அதிகமாத்தான் காட்டுது."

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் எடுத்தது. கமரா அறுபத்தெட்டு என்று பிடித்தபோது முள் அறுபதில் நிற்கவில்லை. எழுபதையும் தாண்டி நின்றிருக்கிறது.

எனக்குக் கோபம் வந்தது. யாரில் என்று தெரியாத கோபம். "இப்ப என்ன குடி முழுகிப்போச்சு?" என்றேன். "ரயர் மாத்தினது உண்மை. கோர்ட்டில அதை மட்டும் சொல்லு. அளந்து பார்த்ததை ஆர் போய்ச் சொல்லப்போகினம்? நாங்கள் நாலு பேரும் வாயை மூடினால் சரி."

யோகராணி ஸ்ரியறிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்தாள்.

"அக்கா, முள்ளு அறுபதில நிண்டது எண்டு நான் பார்த்துச் சொல்லேல்லை. எப்பவும் அங்கதானே நிக்கும், அதாலை சொன்னனான். இப்ப யோசிச்சுப் பார்க்கிறன். அண்டைக்குத் துடைச்சு முடிச்சுக் கதவு பூட்டினது ஞாபகம் இருக்கு. பிறகு ஆஸ்பத்திரியில கார் விட்டது ஞாபகம் இருக்கு. நடுவில ஒண்டும் இல்லை. அந்த ரோட்டில ரெண்டு சிக்னல் லைற் இருக்கு. பச்சையில வந்தனானோ சிவப்பில வந்தனானோ, தெரியேல்லை."

சேஷாத்ரி ஜிபிஎஸ்ஸைக் கண்ணாடியிலிருந்து கழற்றினான்.

"நித்திரையிலதான் ஓடியிருக்கிறன்" என்றாள். "நீதவானுக்கு என்னவும் சொல்லலாம். நாளைக்கு விடிய உங்களை ஏத்திக்கொண்டு நான்தானே திரும்ப ஓட வேணும்?"

அவளோடு எத்தனை காலை இருட்டில் பக்கத்தில் இருந்து போயிருப்பேன், ஐம்பத்தைந்தில் போகிறாள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு! அவள் மெதுவாக ஓடியது பயத்தால் அல்ல, களைப்பால் என்று அப்போதுதான் உறைத்தது. விழித்திருக்கும்போது தன்னையே நம்பாமல் ஓடியிருக்கிறாள்.

பின் சீற்றில் கதிரண்ணை மெல்லச் சொன்னார். "அது ரயராவே இருந்திருக்கலாம்." அத்தனை நாளும் தன்னைத் திட்டிக்கொண்டிருந்த மனுஷன், குற்றம் தன்னை விட்டுப் போனதற்காகக் கண்ணைத் துடைத்தார். திரும்பி வரும்போது காரைச் சேஷாத்ரி ஓடினான். யோகராணி பக்கத்து சீற்றில் பெல்ற்றைப் போட்ட கையோடு தூங்கிப்போனாள்.

அப்பீல் செய்யவில்லை. நவம்பரில் லைசென்ஸைக் கொடுத்தாள். துடைக்கிற வேலை போனது. முதியோர் இல்லத்தில் கெஞ்சிக் கூத்தாடி, பஸ்ஸில் போகத் தோதாக, காலை எட்டு மணிக்குத் தொடங்குகிற வேலையாக மாற்றிக்கொண்டாள், மணித்தியாலம் குறைவு. நான் சலவைப் பகுதியில் வேறொருத்தியின் காரில் தொற்றிக்கொண்டேன். அவள் பறக்கிற பறப்பில் எனக்கு யோகராணியின் அருமை தெரிந்தது. அண்ணையை நினைத்துத்தான் யோகராணி கிடந்து தவித்தாள். "நான் பஸ்ஸில வந்து கூட்டிக்கொண்டு போறன்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். இரண்டாம் நாளே அவர் நல்ல செய்தியோடு வந்தார். ஆஸ்பத்திரி வானில் இடம் கிடைத்துவிட்டதாம், சந்தியில் வந்து ஏற்றிக்கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்களாம். யோகராணி கையெடுத்துக் கும்பிட்டாள். அதற்குப் பிறகு வேலையால் வந்து பின்னேரங்களில் படுக்கத் தொடங்கினாள். கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு கொஞ்சம் குறைந்தது.

ஜனவரியில் ஒரு நாள் வெயில் ஊரையே வறுத்தெடுத்தது. பின்னேரம் கதிரண்ணை எனக்குப் போன் எடுத்தார். குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது.

"தங்கச்சி, ஒருக்கால் பஸ் ஸ்ராண்டடிக்கு வருவீங்களே? தண்ணியும் கொண்டு வாங்கோ."

ஓடிப்போனேன். அங்கே உட்காருகிற வாங்கில் சரிந்து கிடந்தார். சேர்ட்டில் வாந்தி. ஊசி குத்திய கையில் ஒட்டியிருந்த பஞ்சு சிவந்திருந்தது. முகத்தில் தண்ணீர் தெளித்து, கொஞ்சம் தெளிந்த பிறகு, "வான்காரன் உங்களை இங்கையோ இறக்கிப்போட்டுப் போனவன்? அவன்ர பேரைச் சொல்லுங்கோ, நான் கேக்கிறன்" என்று கத்தினேன்.

"வான் இல்லைத் தங்கச்சி" என்றார். "முதல் நாளே கேட்டனான், இடமில்லை எண்டிட்டினம். ரெண்டு பஸ் மாறி வாறன். மற்ற நாளையில இப்பிடி இல்லை, இண்டைக்கு வெக்கை."

"அவளுக்கு ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"உண்மையைச் சொன்னால் வந்து நிப்பாள். இப்ப படுத்திருப்பாள்."

சேர்ட்டை அங்கேயே கழுவி உதறிப் போட்டு, அவரைக் கையில் பிடித்து, வேலிக்கு வேலி நின்று நின்று கூட்டி வந்தேன். கதவைத் தட்டிய பிறகு கொஞ்ச நேரம் சென்றது. யோகராணி திறந்தாள். கன்னத்தில் தலையணையின் மடிப்பு பதிந்திருந்தது. ஈரச் சேர்ட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"என்ன அக்கா, நீங்களும் வாறியள்? வான் சந்தியில விட்டிட்டுப் போட்டுதோ?"

"இல்லையடி. இண்டைக்கு வெயிலெண்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டவன்" என்றேன். "நல்ல பொடியன். நான் கண்டனான்."